59 டாலர் ரெக்கார்டரில் பதிந்த ஊர்கள்

டேனியல் ஜான்ஸ்டனின் பாடல்களிலிருந்து 90 நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு செய்ய உட்காருபவர், டெக்ஸஸின் குறுக்கே ஒரு பயணம் போகவேண்டியிருக்கிறது. வழியில் சங்கடமான ஒரு கேள்வி காத்திருக்கிறது.

ஆஸ்டின் நகரின் குவாடலூப் தெருவும் 21வது தெருவும் சந்திக்கும் முனையில் 1993ல் ஒரு தவளை குடியேறியது. சுவர் முழுக்க எளிய கோடுகளில் வரைந்த உருவம். தலைக்கு மேல் கொம்பு போல நீண்ட இரண்டு கண்கள். மேலே 'ஹாய், ஹௌ ஆர் யூ' என்று ஒரு நலம் விசாரிப்பு. தெருவுக்கு எதிரே டெக்ஸஸ் பல்கலைக்கழகம். அந்த முனையில் இருந்த சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற இசைத்தட்டுக் கடை கேட்டுக்கொண்டதால் டேனியல் ஜான்ஸ்டன் என்ற பாடகர் வரைந்த படம் அது.

கடை 2003ல் மூடப்பட்டது. மறு வருடம் அங்கே வந்த உணவகம் சுவரை மாற்றியமைக்க நினைத்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. தவளை தப்பியது. பிற்பாடு அதே இடத்துக்கு வந்த தாய்லாந்து உணவகம் தன் பெயரையே 'தாய், ஹௌ ஆர் யூ' என்று வைத்துக்கொண்டது. 2018ல் ஜான்ஸ்டனின் பிறந்தநாளான ஜனவரி 22ஐ 'ஹாய், ஹௌ ஆர் யூ தினம்' என்று ஆஸ்டின் நகர நிர்வாகம் அறிவித்தது. தெரிந்தவர்களிடம் உண்மையாகவே நலம் விசாரிப்பதற்கு ஒரு நாள்.

இத்தனை மரியாதையும் சுருதி சேராத ஒரு குரலுக்கு. ஜான்ஸ்டனின் கிடார் தட்டுத்தடுமாறும். பியானோ அவசரத்தில் ஓடும். குரல் சிறு பையனுடையது போல மெலிந்தது. மேலே போகும்போது உடையும். ஆனால் டாம் வெய்ட்ஸ், பெக் போன்ற பெரிய பாடகர்கள் அவருடைய பாடல்களைப் பாடிக்கொடுக்க, 2004ல் ஓர் ஆல்பமே வந்தது. நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் 1992 எம்டிவி விருது விழாவுக்கு இந்தத் தவளை படம் போட்ட டி-ஷர்ட்டுடன் வந்தார்.

2019 செப்டம்பரில், 58வது வயதில், டெக்ஸஸின் வாலர் என்ற சிற்றூரில் தன் வீட்டில் ஜான்ஸ்டன் இறந்துபோனார். ஏராளமான கேஸட்டுகளும் படங்களும் மிச்சம். அந்தக் கேஸட்டுகளிலிருந்து 90 நிமிடத்துக்கு மட்டும் பாடல்கள் பொறுக்கவேண்டும் என்றால் எதை எடுப்பது, எதை விடுவது?

தமிழ் வாசகர்களுக்கு இந்த வேலை அந்நியமல்ல. 1980களில் ரெக்கார்டிங் கடைக்குப் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போன தலைமுறைக்குக் கணக்கு மனப்பாடம். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடக் கூடாது. சோகப் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். இளையராஜாவையோ எம்.எஸ். விஸ்வநாதனையோ தொகுத்தவர்களுக்கு ருசியைத் தவிர வேறு பிரச்சினை இருந்ததில்லை.

ஜான்ஸ்டனைத் தொகுப்பவருக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அவர் வாழ்நாளின் பெரும்பகுதி மனநோயுடன் போராடியவர். இருதுருவ மனநோய் என்றும் மனச்சிதைவு என்றும் வெவ்வேறு காலங்களில் மருத்துவர்கள் பெயர் சொன்னார்கள். முறையான பயிற்சியோ தொழில்முறை மெருகோ இல்லாமல், இசை உலகின் வேலிக்கு வெளியே நின்று பாடுபவர்களை 'அவுட்சைடர்' இசைக்காரர்கள் என்று அமெரிக்க விமர்சகர்கள் வகைப்படுத்துகிறார்கள். இர்வின் சூசிட் 2000ல் இத்தகையவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஜான்ஸ்டனும் உண்டு. இந்த முத்திரையில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு விஷமும் இருக்கிறது. கேட்பவர் ரசிப்பது பாட்டையா, பாடுபவரின் பிறழ்வையா என்பதை அது சொல்வதில்லை. தொகுப்பவர் ஒவ்வொரு பாட்டிலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிலவறையில் ஒரு பியானோ

முதல் பக்கம் டெக்ஸஸில் தொடங்குவதில்லை. கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோவில் 1961ல் பிறந்த ஜான்ஸ்டன் வளர்ந்தது கிழக்கே வெகு தூரத்தில், வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கம்பர்லண்டில். தந்தை பில், இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். குடும்பம் 'சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. வழிபாட்டில் வாத்தியங்களுக்கு இடம் தராத மரபு அது. சபை முழுவதும் வெறும் குரலில் பாடும். பிற்காலத்தில் ஜான்ஸ்டன் வாத்தியம் எதுவும் இல்லாமல் 'டெவில் டவுன்' பாடியதைக் கேட்டு விசித்திரம் என்றவர்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

வீட்டின் நிலவறையில் ஒரு பியானோ. அதன் அருகே 59 டாலர் விலையுள்ள ஒரு சான்யோ டேப் ரெக்கார்டர். ஸ்டீரியோகூட இல்லை. 1980, 81ல் இங்கேதான் 'சாங்ஸ் ஆஃப் பெய்ன்' என்ற முதல் கேஸட் உருவானது. கல்லூரியில் உடன் படித்த ஒரு பெண்ணின்மேல் ஒருதலைக் காதல். அவர் கல்யாணம் செய்துகொண்டதோ இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவரை. ஜான்ஸ்டன் அந்த ஒரே காதலை வைத்துக்கொண்டு பல வருடங்களுக்குப் பாட்டு எழுதினார். முதல் பாடல் 'க்ரீவன்சஸ்'. அதில் சவ ஊர்வலமும் கேலியும் ஒன்றாக வருகின்றன. பீட்டில்ஸை வெறியோடு கேட்டவன் கற்றுக்கொண்ட மெட்டமைப்பு, முதல் பாட்டிலேயே தெரிகிறது. இதை விடமுடியாது.

அடுத்து 1982ன் 'டோன்ட் பி ஸ்கேர்ட்' கேஸட்டிலிருந்து 'ஸ்டோரி ஆஃப் ஆன் ஆர்ட்டிஸ்ட்'. வேலைக்குப் போகாமல் படம் வரைந்துகொண்டிருப்பவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லும் பாட்டு. நம் ஊர் அப்பாக்களும் அம்மாக்களும் கேட்டால் யார் பக்கம் சேர்வது என்று யோசிப்பார்கள்.

முதல் சங்கடமும் இந்த நிலவறையில்தான் வருகிறது. இந்த ஆரம்பகாலக் கேஸட்டுகளில் பாடல்களுக்கு நடுவே ஜான்ஸ்டனின் தாயார் மகனைத் திட்டுவதும் பதிவாகியிருக்கிறது. ஜான்ஸ்டன் ரகசியமாகப் பதிந்தது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். தொகுப்பில் சேர்த்தால் சுவாரசியம் கூடும். ஆனால் அந்தத் தாய் யாருக்காகவும் பாடவில்லை, கவலையில் கத்தினார். தன் முழு கேஸட்டில் அதை வைக்க ஜான்ஸ்டனுக்கு உரிமை உண்டு. அது அவர் வீடு. பொறுக்கி எடுப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா? பாட்டை எடுத்துக்கொண்டு திட்டை விட்டுவிடுவதுதான் மரியாதை.

கராஜில் ஓர் ஆர்கன்

1983ல் ஜான்ஸ்டன் டெக்ஸஸுக்கு வந்தார். ஹூஸ்டனில் அண்ணன் வீடு. ஆஸ்ட்ரோவேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்காவில் வேலை. இரவில் அண்ணனின் கராஜில் இசை. பியானோ மலையூரிலேயே தங்கிவிட்டதால் கையில் இருந்தது ஒரு விளையாட்டு 'கார்ட் ஆர்கன்'. நம் ஆர்மோனியத்தின் தூரத்து உறவு: உள்ளே காற்று ஊதும் சிறு மின்விசிறி, காற்றில் அதிரும் நாக்குகள், இடது கைக்குச் சில பொத்தான்கள். ஆர்மோனியத்தின் கம்பீரம் இல்லை. பாடுபவர் வேகமெடுத்தால் அது மூச்சு வாங்குகிறது.

அந்தக் கோடையில் பதிந்த கேஸட் 'யிப்/ஜம்ப் மியூசிக்'. தொகுப்பவரின் பென்சில் இங்கேதான் திணறும். 'ஸ்பீடிங் மோட்டார்சைக்கிள்' இதில்தான் இருக்கிறது. மனதை நிறுத்தமுடியாத மோட்டார்சைக்கிளாக உருவகிக்கும் குதூகலம். 'வொரீட் ஷூஸ்' என்பது கவலையைச் செருப்பாக மாட்டிக்கொண்டு நடப்பவனின் கதை. 2009ல் வந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' படத்துக்காகக் கேரன் ஓ இதைப் பாடினார். காமிக்ஸ் பேயைப் பற்றிய 'காஸ்பர் தி ஃப்ரெண்ட்லி கோஸ்ட்', உயிரோடு இருந்தவரை யாரும் மதிக்காத ஒருவன் செத்த பிறகு எல்லோருக்கும் வேண்டியவனாவதைச் சொல்கிறது. 22 வயதில் எழுதியது. 'கிங் காங்' பாடலில் அந்தப் பழைய சினிமாவின் கதையைக் குரங்கின் பக்கம் நின்று, ஏறக்குறைய வெறும் குரலில் சொல்லிவிடுகிறார்.

நான்கையும் எடுத்துவிடலாம். நான்குமே தொழில் தெரிந்தவர் எழுதிய பாடல்கள். உருவகம் முதல் வரியில் தொடங்கினால் கடைசி வரி வரை குலையாது. குரல் நடுங்கினாலும் பாட்டின் கட்டுமானம் நடுங்குவதில்லை. 'வெளியாள்' என்ற முத்திரை பொருந்தாமல் போவது இங்கேதான்.

அதே வருடம் ஜான்ஸ்டன் ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள சான் மார்கஸுக்கு, அக்கா வீட்டுக்குப் போனார். மனம் குலையத் தொடங்கிய காலம். 'ஹாய், ஹௌ ஆர் யூ' கேஸட் அந்த வாரங்களின் பதிவு. உறையில் அவர் வரைந்ததுதான் பின்னாளில் சுவரேறிய தவளை. 'முடிவுபெறாத ஆல்பம்' என்று அவரே அதற்குத் துணைத் தலைப்பு வைத்தார்.

இதில் எடுக்கவேண்டியது 'வாக்கிங் தி கௌ'. பெயர் வந்த வழி டெக்ஸஸ்காரர்களுக்கு மட்டும் புரியும். ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் போகும் 290ம் எண் நெடுஞ்சாலையில் பிரென்னம் என்று ஓர் ஊர். 1907 முதல் அங்கே இயங்குகிறது ப்ளூ பெல் பால்பண்ணை. அதன் ஐஸ்கிரீம் உறையில் ஒரு சிறுமி பசுவை ஓட்டிக்கொண்டு போவாள். டெக்ஸஸில் பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்குப் போகும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான், தான் எங்கே போகிறோம் என்றே தெரியாதவனின் பாட்டு ஒன்றை ஜான்ஸ்டன் எழுதினார். பேர்ல் ஜாம் குழுவின் எடி வெட்டர் உட்படப் பலர் இதைப் பாடியிருக்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கச்சேரி

சான் மார்கஸிலிருந்து ஒரு மோப்பட்டுடன் கிளம்பி, ஊர் ஊராகப் போகும் ஒரு பொருட்காட்சிக் குழுவோடு சில மாதங்கள் சுற்றிய ஜான்ஸ்டன், 1984ல் ஆஸ்டினில் வந்து நின்றார். ஆஸ்டின் அப்போதே பாட்டுக்காரர்களின் ஊர். 'உலகின் மேடை இசைத் தலைநகர்' என்று நகர நிர்வாகமே தன்னை அழைத்துக்கொண்டது 1991ல். ஆனால் அதற்கு முன்பே குவாடலூப் தெருவில் கிடாருடன் நடப்பவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜான்ஸ்டனை மட்டும் பார்த்தார்கள். பகலில் மெக்டொனால்ட்ஸ் கடையில் மேஜை துடைக்கும் வேலை. மற்ற நேரமெல்லாம், எதிர்ப்பட்டவர் கையில் ஒரு கேஸட். தானே வரைந்த உறை. கைகுலுக்கல். தான் பிரபலமாகப்போவதாக அறிவிப்பு. அடுத்த வருடம் எம்டிவியின் 'கட்டிங் எட்ஜ்' நிகழ்ச்சி ஆஸ்டின் குழுக்களைப் படம் பிடிக்க வந்தபோது ஜான்ஸ்டனும் கேமரா முன் நின்றார். கையில் கேஸட்டைத் தூக்கிக் காட்டினார். நாடு முழுவதும் பார்த்தது.

தொகுப்பவர் மறக்கக்கூடாத ஒரு விஷயம் இந்தக் கேஸட்டுகளின் பின்னால் இருக்கிறது. ஆரம்ப நாட்களில் பிரதியெடுக்கும் வசதி ஜான்ஸ்டனிடம் இல்லை. ஒருவர் கேஸட் கேட்டால், ரெக்கார்டர் முன் உட்கார்ந்து எல்லாப் பாடல்களையும் முதலிலிருந்து மறுபடி பாடிக் கொடுப்பார். பத்துப் பேர் கேட்டால் பத்துக் கச்சேரி. பின்னாளில் மேலாளர் ஜெஃப் டார்டகோவ் அவற்றைப் பிரதியெடுத்து விற்கத் தொடங்கிய பிறகுதான் 'ஆல்பம்' என்ற சொல்லுக்கே அர்த்தம் வந்தது.

ஆக, இரைச்சலை நீக்குகிறேன் என்று கணினியில் வடிகட்டுவது வேண்டாத வேலை. நாடாவின் சீறலோடு குரலின் ஓரமும் போய்விடும். பாட்டுக்கு முன் பட்டன் அமுங்கும் 'டக்' சத்தத்தையும் விட்டுவைக்கலாம். ஒருவர் இன்னொருவருக்காக உட்கார்ந்து பாடத் தொடங்கினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1984ன் 'ரிடயர்ட் பாக்ஸர்' கேஸட்டில்தான் 'ட்ரூ லவ் வில் ஃபைண்ட் யூ இன் தி எண்ட்' இருக்கிறது. இரண்டே நிமிடம். அவர் பாடல்களில் அதிகம் பேர் பாடியது இதுவாகத்தான் இருக்கவேண்டும். தலைப்பைப் பார்த்தால் ஆறுதல் பாட்டு. கேட்டால் தெரியும், ஆறுதலோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: தேடுவதை நிறுத்திவிட்டவனுக்கு அது உதவாது. தொகுப்பின் கடைசியில் வைக்கத்தான் எவருக்கும் தோன்றும். கடைசியில் வைத்தால் கண்ணீர் நிச்சயம். அதனாலேயே அங்கே வைக்கக் கூடாது. இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டாக வைத்தால் அது பாட்டாகவே கேட்கும்.

சாவியை எறிந்த விமானம்

1986க்குப் பிறகு கதை இருளுகிறது. மருத்துவமனைகள். மாத்திரைகள். மாத்திரைகளை நிறுத்திய நாட்கள். சாத்தான் பற்றிய பயம். வெஸ்ட் வர்ஜீனியாவில் ஒரு முதிய பெண்ணின் வீட்டுக்குள் ஜான்ஸ்டன் போய்ப் பேயோட்டப் பேச, அவர் பயந்து மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். கலைஞனின் கிறுக்கு என்று சிரிக்க முடியாத விஷயம், அடிபட்டவர் வேறொருவர்.

1990ல் ஆஸ்டினில் ஒரு பெரிய மேடை. கைதட்டலுக்குப் பிறகு தந்தை ஓட்டிய சிறு விமானத்தில் வீடு திரும்புகையில், தன்னைக் காஸ்பர் பேய் என்று நம்பிய ஜான்ஸ்டன், விமானத்தின் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். போரில் பறந்த அனுபவம் தந்தைக்குக் கைகொடுத்தது. மரங்களின் மேல் விமானத்தை இறக்கினார். விமானம் நொறுங்கியது, இருவரும் பிழைத்தார்கள். ஹூஸ்டன் கராஜில் ஏழு வருடங்களுக்கு முன் பாடிய அந்தச் சின்னப் பாட்டு, இதற்குப் பிறகு அதே மாதிரி காதில் விழுவதில்லை. அதற்குப் பாட்டு பொறுப்பல்ல. தொகுப்பில் அது விமானக் கதைக்கு முன்பே, 1983ன் இடத்திலேயே இருக்கட்டும்.

'1990' என்ற ஆல்பம் அந்த வருடமே வெளிவந்தது. ஜாட் ஃபேருடன் சேர்ந்து எழுதிய 'சம் திங்ஸ் லாஸ்ட் எ லாங் டைம்' அதில் இருக்கிறது. பியானோவின் சில சுரங்கள், சுவரில் ஒரு படம், போகாத ஒரு நினைவு. அவ்வளவுதான். சேர்க்கத் தயக்கமே வேண்டாம்.

தயக்கம் வரவேண்டியது 'கேர்லெஸ் சோல்' என்ற பழைய தேவாலயப் பாடலுக்கு. மேடையில் அதைப் பாடும்போது ஜான்ஸ்டன் உடைந்து அழுகிறார். நடிப்பு இல்லை. அவருக்கு நரகம் நிஜம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எச்சரிக்கிறார். ஆல்பத்திலேயே உச்சமான கணம் இதுதான் என்று வாதாடலாம். இதை விட்டுவிட்டுத் தொகுத்தால் மனிதனைச் சலவை செய்து காட்டுவதாகாதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முழு ஆல்பத்தை எடுத்துக் கேட்பவர் அந்த அழுகைக்கு நடந்து போகிறார். தொகுப்பில் சேர்த்தால் அழுகை அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது, இரண்டு மெல்லிய பாடல்களுக்கு நடுவே, ஒரு வேடிக்கை போல. 'டெவில் டவுன்' அதே பயத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே பயத்தின் கடிவாளம் பாடுபவர் கையில் இருக்கிறது. எடுக்கவேண்டியது அது.

1994ல் அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம் 'ஃபன்' ஆல்பத்தை வெளியிட்டது. ஆறாயிரம் பிரதிகூட விற்கவில்லை. 1996ல் ஒப்பந்தம் போனது. ஆனாலும் 'லைஃப் இன் வெய்ன்' போன்ற ஒரு பாட்டுக்காக அந்த ஆல்பத்தைத் தேடிப் போகலாம். ஸ்டூடியோவின் சுத்தமான ஓசை, கராஜ் கேஸட்டுகளுக்குப் பக்கத்தில் திடீரென்று விளக்குப் போட்டது போல இருக்கும். இடையில் '1990' பாடல் ஒன்றை வைத்தால் கண் கூசாது.

வாலரில் ஒரு வீடு

ஆஸ்டினிலிருந்து 290ம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், ஐஸ்கிரீம் ஊரான பிரென்னத்தைத் தாண்டி, ஹூஸ்டன் வருவதற்குள் வாலர் வந்துவிடும். புல்வெளி, மாடு, தட்டையான வானம். பெற்றோருடன் இங்கே வந்து சேர்ந்த ஜான்ஸ்டன் கடைசிவரை இந்த ஊர்க்காரர்தான். உடல் பருத்தது, மருந்துகளால் கை நடுங்கியது. ஆனால் படம் வரைவதையும் பாடுவதையும் விடவில்லை. 2006ல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தின் பெரும் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. மேடையேறினால் மைக்கைப் பிடித்த கை ஆடும். கூட்டம் கூடவே பாடும்.

2005ல் ஜெஃப் ஃபாயர்ஸைக் எடுத்த 'தி டெவில் அண்ட் டேனியல் ஜான்ஸ்டன்' ஆவணப்படம் சன்டான்ஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசு வாங்கியது. அருமையான படம். அதன் பிறகு ஜான்ஸ்டனிடம் வந்தவர்களில் பலர் முதலில் கதையைக் கேட்டார்கள், பிறகுதான் பாட்டை. விமானம், சாத்தான், மருத்துவமனை எல்லாம் தெரிந்த பிறகு கேட்டால், ஒவ்வொரு பாட்டும் மருத்துவ அறிக்கையின் ஒரு பக்கமாகிவிடுகிறது. 59 டாலர் ரெக்கார்டரில் பதிந்தவர் கேட்டது அதையல்ல. பீட்டில்ஸ் போலப் பாட்டெழுதுபவராகத் தன்னை எடுத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் ஊர் ஊராகக் கேஸட் கொடுத்தார்.

கடைசிப் பாட்டுக்கு இன்னும் சில நிமிடங்கள் நாடா மிச்சம். 1990 பிப்ரவரியில், அந்த விமானப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, யோ லா டெங்கோ என்ற குழு நியூ ஜெர்ஸியின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலி நிலையத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. ஜான்ஸ்டன் தொலைபேசியில் இருந்தார். அவர்கள் அங்கே 'ஸ்பீடிங் மோட்டார்சைக்கிள்' வாசிக்க, இவர் தொலைபேசியிலேயே பாடினார். தாளம் சற்று முன்னே பின்னே போகிறது. யாருக்கும் கவலையில்லை. நோயாளியும் இல்லை, அதிசயப் பிறவியும் இல்லை; குழுவோடு பாடும் ஒரு பாடகர், சந்தோஷமாக இருக்கிறார்.

ஒரே பாட்டு இரண்டு தடவை வருகிறதே என்று தயங்கவேண்டாம். கராஜில் தனியாக ஒரு தடவை, குழுவோடு ஒரு தடவை. பாடல்களின் பெயர்களைக் கையால் எழுதி, தொகுப்பை வேண்டியவர் ஒருவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கதை எதுவும் சொல்லவேண்டாம். கேட்டுவிட்டு, யார் இவர் என்று அவராகவே விசாரிக்கட்டும். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.